பார்த்த காட்சி மனதை விட்டு அகலாதபோது

குடும்ப நலப் பாடம்



படம் முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பாயை விரிக்கிறோம். ஆனால் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அது முடிந்தபாடில்லை. எட்டு வயது மகன் நள்ளிரவில் ஒன்றுக்குப் போக உம்மாவை எழுப்புகிறான். பத்தாம் வகுப்பு மகள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். செய்தி பார்த்த பெரியவர் ஒருவர் ஃபஜ்ர் பாங்கு வரை புரண்டு படுக்கிறார். "ஒரு படத்துக்கா இவ்வளவு?" என்று சிலர் சிரிக்கிறோம். "யார் உன்னைப் பார்க்கச் சொன்னது?" என்று சிலர் ஏசுகிறோம். இரண்டுமே அந்த மனதுக்கு மருந்தாவதில்லை.

எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற மார்க்கக் கேள்விகளை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தப் பாடம் வேறொன்றைப் பற்றியது. திரையில் கண்ட ஒன்று பிள்ளையையோ பெரியவரையோ கலங்கடித்துவிட்டால், அது ஏன் நடக்கிறது, குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

1. ஒரு சனிக்கிழமை இரவு நடந்தது

1992 அக்டோபர் 31 அன்று இரவு, பிரிட்டனின் பி.பி.சி. தொலைக்காட்சி 'கோஸ்ட்வாட்ச்' என்ற 90 நிமிட நாடகத்தை ஒளிபரப்பியது. பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் ஒரு வீட்டிலிருந்து நேரலை செய்வதைப் போல அதை அமைத்திருந்தார்கள். உண்மையில் அது முன்கூட்டியே எழுதிப் படமாக்கப்பட்ட கதை. தொடக்கத்தில் கதாசிரியரின் பெயரும் வந்தது. ஆனால் தொகுப்பாளராக அமர்ந்திருந்தவர் நாடு முழுக்க அறிந்த மைக்கேல் பார்க்கின்சன். அந்த வீட்டுக்குள் சென்றவர் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் தினம் தினம் வந்த சாரா கிரீன். திரையில் காட்டிய தொலைபேசி எண்ணும் பி.பி.சி. வழக்கமாகப் பயன்படுத்திய எண்தான். அழைத்தவர்களுக்கு "இது கற்பனை" என்ற பதிவு ஒலிக்கும்படி ஏற்பாடு இருந்தது. ஆனால் அழைப்புகள் குவிந்ததால் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை.

ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். நிகழ்ச்சி பி.பி.சி.க்குப் பெரும் புகார்களைக் கொண்டுவந்தது. 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழில், அதைப் பார்த்த 10 வயதுச் சிறுவர்கள் இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். இருட்டைக் கண்டு அச்சம், கெட்ட கனவு, தனியாக இருக்க மறுப்பது என்று தொடர்ந்த அந்த நிலையை, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். போரிலும் விபத்திலும் சிக்கியவர்களுக்கு வரும் அதே பாதிப்பு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் வந்ததாக அந்த மருத்துவ இதழில் பதிவானது அதுவே முதல்முறை. பி.பி.சி. அதன்பின் அந்த நாடகத்தை மறுஒளிபரப்புச் செய்யவில்லை.

இதில் நமக்குள்ள முதல் பாடம்: காட்சியின் கொடூரம் மட்டுமே பிள்ளையைப் பாதிப்பதில்லை. தான் நம்பிய முகம், பழகிய வீடு, "இது நிஜம்" என்ற தோற்றம் ஆகியவை சேரும்போது அச்சம் ஆழமாக இறங்குகிறது. இன்று கைப்பேசியில் "உண்மையில் நடந்தது, சிசிடிவியில் பதிவானது" என்ற தலைப்போடு வரும் பேய் வீடியோக்கள் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

2. பொய் என்று தெரிந்தும் ஏன் பயம்?

நம் மூளையில் 'அமிக்டலா' என்ற சிறு பகுதி உண்டு. ஆபத்தைக் கண்டதும் நெஞ்சைப் படபடக்க வைப்பதும், அந்த ஆபத்தை நினைவில் குறித்துவைப்பதும் அதன் முக்கிய வேலைகள். அது விரைந்து செயல்படும். விசாரித்துப் பார்க்க அதற்கு நேரமில்லை. "இது நடிப்பு" என்று சிந்திக்கும் பகுதி சொல்லி முடிப்பதற்குள், "ஆபத்து" என்ற குறிப்பு எழுதப்பட்டுவிடும். பின்னர் அறிவு எத்தனை விளக்கினாலும் அந்தக் குறிப்பு எளிதில் அழிவதில்லை.

1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தைப் பார்த்தவர்களில் சிலர், பல ஆண்டுகள் கழித்தும் கடலில் இறங்கத் தயங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுறா வரவே முடியாத நீச்சல் குளத்தில்கூடச் சிலருக்கு அந்தக் கூச்சம் இருந்தது. அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். அறிவுக்கு முன்னால் அச்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் கான்டர், பிள்ளைகளின் திரை அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் அவருடைய சக ஆய்வாளரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சுமார் 150 பேரிடம் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர், சிறு வயதிலோ வளர்ந்த பிறகோ ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ தங்களை நீண்ட நாள் கலங்கடித்ததாகச் சொன்னார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, கேள்வி கேட்கப்பட்ட அந்த நாளிலும் அதன் மிச்சம் இருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் அதை வெட்கப்படும் விஷயமாகவோ கோழைத்தனமாகவோ எண்ண வேண்டாம்.

3. வயதுக்கு வயது அச்சம் மாறும்

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும்?" என்று மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் உண்டு. கதை புரியாது என்பது சரி. முகம் புரியும், சத்தம் புரியும்.

ஏழு வயதுக்குக் கீழே: தோற்றமே அச்சம். கோரமான முகம், திடீர்ச் சத்தம், ஒருவர் கண் முன்னால் வேறு உருவமாக மாறுவது ஆகியவை சிறு பிள்ளைகளைக் கலங்கடிக்கும். 'தி இன்க்ரெடிபிள் ஹல்க்' தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை நிற ராட்சதனாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றுவார். பெரிய பிள்ளைகள் அதை ரசித்தார்கள். சின்னப் பிள்ளைகளோ, அவர் நல்லவர் என்பதை எண்ணாமல், அந்த மாற்றத்தைக் கண்டு பயந்ததாகக் கான்டரின் ஆய்வுகள் காட்டின.

எட்டு முதல் பன்னிரண்டு வரை: நடக்கக் கூடியதே அச்சம். பிள்ளை கடத்தல், வீட்டுக்குள் திருடன் புகுவது, பெற்றோர் இறப்பது போன்ற கதைகள் இந்த வயதில் ஆழமாகப் பதியும். "இது நம் வீட்டிலும் நடக்குமா?" என்பதே அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

பதின்ம வயதிலும் அதற்கு மேலும்: எண்ணமே அச்சம். 1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, அணுகுண்டு விழுந்த பின் ஓர் ஊர் என்னவாகும் என்று காட்டும் 'தி டே ஆஃப்டர்' படத்தை ஒளிபரப்பியது. ஏறத்தாழ 10 கோடிப் பேர் பார்த்தார்கள். மக்கள் மனம் கலங்குவார்கள் என்று எதிர்பார்த்து, பேச்சுத் துணைக்குத் தொலைபேசி வசதியும், படம் முடிந்ததும் அறிஞர்களின் கலந்துரையாடலும் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதன்பின் கான்டர் குழுவினர் விசாரித்தபோது, மிகச் சிறிய பிள்ளைகள் அதிகம் கலங்கவில்லை. வயது ஏற ஏறக் கலக்கமும் ஏறியிருந்தது. எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர்களையே அந்தப் படம் உறங்கவிடவில்லை.

பெரியவர்களும் இதற்கு விலக்கல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவருக்குக் கடல் பொங்கும் காட்சி வெறும் கிராபிக்ஸ் அல்ல. கலவரத்தில் வீட்டை விட்டு ஓடியவருக்கும், பிள்ளையை மவ்த்துக்குக் கொடுத்த தாய்க்கும் அப்படியே. "உம்மா, சும்மா சீரியல்தானே" என்று சொல்லும் முன், அவர் எதைக் கடந்து வந்தவர் என்று யோசியுங்கள்.

4. "ஜின் உண்மையா உம்மா?"

பொதுவாகப் பிள்ளை வளர்ப்பு நூல்கள், பேய்ப் படம் பார்த்துப் பயந்த பிள்ளையிடம் "அப்படி ஒன்றும் கிடையாது" என்று சொல்லச் சொல்லும். நம் வீடுகளில் அந்த ஒரு வரியோடு பேச்சு முடிவதில்லை. மக்தபில் ஜின்களைப் பற்றிப் படித்த பிள்ளை, "ஹஸ்ரத் இருக்கு என்றாரே" என்று கேட்பான். அவனிடம் மழுப்பினால் அச்சம் இரட்டிப்பாகும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஜின் என்பது நம்மைப் போல அல்லாஹ் படைத்த ஒரு படைப்பு. அவனுடைய அனுமதியின்றி அது யாரையும் எதுவும் செய்ய முடியாது. நீ படத்தில் பார்த்தது அது அல்ல. ஒருவர் முகத்தில் சாயம் பூசி, கணினியில் உருவம் செய்து, பயமுறுத்த இசை போட்டிருக்கிறார்கள். டிக்கெட் விற்கச் செய்த கதை அது." இதில் ஈமானும் காக்கப்படுகிறது, பிள்ளையின் மனமும் காக்கப்படுகிறது.

உடனே மந்திரிக்கவும் கயிறு கட்டவும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். "பெரியவர்களே பயப்படுகிறார்களே, அப்படியானால் அது என்மீது வந்துவிட்டது" என்று பிள்ளை முடிவு கட்டிவிடுவான். குறும்பு செய்யும் பிள்ளையை அடக்க "அந்தப் படத்தில் வந்தது உன்னைப் பிடித்துக்கொள்ளும்" என்று மிரட்டுவதும் ஆறிவரும் புண்ணைக் கீறுவதாகும்.

5. செய்தியைப் பார்த்துக் கலங்கும் உள்ளம்

படத்தைப் பற்றியாவது "கதை" என்று சொல்லலாம். செய்தியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவின் காட்சிகள் நம் வீடுகளின் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாள் முழுக்க ஓடின. இடிபாடுகளுக்குள் கிடக்கும் பிள்ளைகள், கஃபன் துணியில் சுற்றிய சின்னஞ்சிறு உடல்கள் என்று பார்க்கப் பார்க்க நெஞ்சு வெடித்தது. "அவர்கள் அனுபவிக்கிறார்கள், நாம் பார்ப்பதற்குக்கூடவா முடியாது?" என்ற குற்ற உணர்வும் பலரை அணைக்கவிடாமல் தடுத்தது. இந்த உணர்வு ஈரமுள்ள உள்ளத்தின் அடையாளம்; அதைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் அதைச் சரியான வழியில் திருப்ப வேண்டும்.

2013 ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்தன. அதன்பின் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 4,700 பேரிடம் விசாரித்தார்கள். அடுத்து வந்த வாரத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவத்தை நேரில் எதிர்கொண்டவர்களைவிடவும் கடும் மன அழுத்த அறிகுறிகள் அதிகம் காணப்பட்டன. ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அதை மறுபடி மறுபடி அனுபவிப்பதற்குச் சமமாகிவிடுகிறது. சின்னப் பிள்ளைக்கு இன்னும் கடினம். ஒரே காட்சி பத்து முறை ஓடினால் பத்துக் கட்டடங்கள் இடிந்ததாகவே அது எடுத்துக்கொள்ளும்.

ஆகவே செய்தியை அறிய ஒரு நேரம் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை, நம்பகமான ஓரிடத்தில், படிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில் அந்தக் காட்சிகள் ஓட வேண்டாம். ரத்தம் தோய்ந்த வீடியோக்களை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதற்கு முன், அந்தக் கைப்பேசி யார் யார் கையில் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை கேட்டால் மறைக்காமல் அவன் வயதுக்கேற்பச் சொல்லுங்கள்: "அங்கே போர் நடக்கிறது, மக்கள் கஷ்டப்படுகிறார்கள், மருத்துவர்கள் உதவுகிறார்கள், நாமும் துஆ செய்வோம், உன் உண்டியலில் இருந்து கொஞ்சம் ஸதகா கொடுப்போம்." கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனதின் இயலாமை குறையும். கண்ணை மூடிக்கொள்வது கல்நெஞ்சம் அல்ல; நொறுங்கிப்போன மனதால் யாருக்கும் உதவ முடியாது.

6. வில்லனுக்கு நம் பெயர் இருக்கும்போது

நம் பிள்ளைகளுக்கு வேறொரு காயமும் உண்டு. படத்தில் குண்டு வைப்பவனின் தலையில் தொப்பி இருக்கிறது. அவன் வாயில் தொழுகையில் ஓதும் சொற்கள் வருகின்றன. அடுத்த நாள் பள்ளியில் எவனாவது விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறான். பிள்ளை வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லமாட்டான். தொப்பியைப் பையில் ஒளித்துவைப்பான், அல்லது வாசலில் வாப்பாவின் தாடியைப் பார்த்து முகம் திருப்புவான்.

இந்த மாற்றத்தைக் கவனியுங்கள். "அந்தப் படத்தைப் பார்த்தபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று நீங்களே கேளுங்கள். "எழுதியவர் ஒரு கதையை எழுதினார். நம் தெருவில் இருக்கும் முஸ்லிம்களை நீ தினம் பார்க்கிறாய். எது உண்மை என்று உனக்கே தெரியும்" என்று சொல்லுங்கள். கேலி தொடர்ந்தால், கோபப்படாமல் வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் புரிந்துகொள்வார்கள்.

7. அந்த இரவில் செய்ய வேண்டியவை

ஒன்று, பக்கத்தில் இருங்கள். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையிடம் "அது பொய்" என்ற விளக்கம் அதிகம் எடுபடாது. மடியில் வைத்துக்கொள்வது, ஒரு வாய் தண்ணீர், பிடித்த பொம்மை, சின்ன விளக்கு ஆகியவையே அவனுக்குப் புரியும் மொழி.

இரண்டு, பெரிய பிள்ளையிடம் பேசுங்கள், பேசவிடுங்கள். "எந்த இடம் ரொம்ப பயமாக இருந்தது?" என்று கேளுங்கள். பிறகு அதை எப்படிப் படமாக்குகிறார்கள் என்று விளக்குங்கள். கடத்தல் போன்ற கதையானால், "நம் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது, வாப்பாவின் எண் உனக்கு மனப்பாடம், தெரியாதவரோடு போகக் கூடாது என்று உனக்குத் தெரியும்" என்று கைப்பிடிக்க ஏதாவது கொடுங்கள்.

மூன்று, உறங்கும் முன் இக்லாஸ், ஃபலக், நாஸ் ஸூராக்களை ஓதி உள்ளங்கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்வது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். அதைப் பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். பயத்துக்கான மருந்தாக ஒரு நாள் மட்டும் அல்லாமல், எல்லா இரவுகளின் பழக்கமாக இருக்கட்டும்.

நான்கு, தைரியம் வரட்டும் என்று அதே காட்சியை மறுபடி பார்க்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். இருட்டறையில் தனியாக விடாதீர்கள். விருந்தாளிகள் முன் "இவன் பயந்தாங்கொள்ளி" என்று கதை சொல்லாதீர்கள்.

ஐந்து, அடுத்த நாளை வழக்கமான நாளாக்குங்கள். பள்ளி, விளையாட்டு, மதரஸா எல்லாம் நேரப்படி நடக்கட்டும். பெரும்பாலான பிள்ளைகள் சில நாட்களில் தேறிவிடுவார்கள்.

8. பார்க்கும் முன்பே கவனிக்க

2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், திரைப்படங்களுக்கான யு/ஏ சான்று 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 'யு/ஏ 16' என்றால் குடும்பப் படம் என்று பொருளல்ல. ஓடிடி தளங்களுக்கும் 2021 விதிகளின்படி இதேபோன்ற வயதுக் குறியீடு உண்டு. 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பது விதி. அந்த ரகசிய எண்ணைப் போட்டு வையுங்கள். வழி தெரியாவிட்டால் வீட்டில் மூத்த பிள்ளையிடம் கேளுங்கள்.

ஆனால் ரீல்ஸுக்கும் வாட்ஸ்அப் வீடியோவுக்கும் அப்படி எந்தச் சான்றும் கிடையாது. அங்கே காவல் நாம்தான். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை என்பதை அறிவோம். அந்த ஒழுங்கை வைத்தே, இஷாவுக்குப் பின் பிள்ளைகளின் கையில் திரை இல்லை என்று ஒரு வீட்டுச் சட்டம் போடலாம். பெரியவர்களும் அதற்குக் கட்டுப்பட்டால்தான் அது நிற்கும்.

9. எப்போது மருத்துவரிடம்?

ஒரு மாதம் ஆகியும் கெட்ட கனவும் அச்சமும் குறையாவிட்டால், பள்ளிக்குப் போக மறுத்தால், விட்டிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பினால், சாப்பாடு வெகுவாகக் குறைந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "வாழவே பிடிக்கவில்லை" என்பது போன்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது போலத்தான் இதுவும். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

வீட்டில் கலந்து பேச

இந்த வாரம் ஓர் இரவு, சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்:

அ. உங்களை நெடுநாள் கலங்கடித்த காட்சி எது? முதலில் பெரியவர்கள் சொல்லட்டும்; பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.
ஆ. அப்போது யாரிடம் சொன்னீர்கள்? சொல்லவில்லை என்றால் ஏன்?
இ. நம் வீட்டில் செய்தி பார்க்கும் நேரம் எது? கைப்பேசியைக் கீழே வைக்கும் நேரம் எது?
ஈ. நம்மில் யாருக்காவது, பார்க்க வைக்கவே கூடாத காட்சி ஏதேனும் உண்டா?

பிள்ளை நள்ளிரவில் எழுப்பும்போது அலுத்துக்கொள்ளாமல் எழுந்திருங்கள். பயந்த நேரத்தில் யாரிடம் போகலாம் என்பதை அவன் அன்றுதான் கற்றுக்கொள்கிறான். அதைக் கற்றுக்கொண்டவன் நாளை பெரிய கஷ்டத்திலும் உங்களிடமே வருவான். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கும் நம் இல்லங்களுக்கும் அமைதியைத் தருவானாக. ஆமீன்.